துன்னு என்று பெயர் வைத்தவள்

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஆதாரம் கேட்பார்கள். அப்படி ஒருத்தி இருந்தாளா, அந்தக் கம்பெனியில் வேலை செய்தாளா, போட்டோ உண்டா, அடையாள அட்டை உண்டா என்று ஒவ்வொன்றாக வரும். எந்தக் கண்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே தெரியாத ஆட்கள், சின்ன வயதில் பார்த்த டிவி தொடரின் பொம்மைகளைத் தலை நரைத்த பிறகும் பெட்டி பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கிறவர்கள், என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

விஷயம் ஒரு பொம்மையின் பெயர்தான். விண்வெளியில் நடக்கும் வெளிநாட்டுத் தொடர் ஒன்று. கிரகம் கிரகமாகப் போய்ச் சண்டை போடுவார்கள். அதில் ஒரு சந்தைக் காட்சி வரும். கதாநாயகன் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது அவனுக்குப் பின்னால், குட்டையாக, கழுத்தே இல்லாமல், காதுக்குக் காது வாயோடு ஒரு ஜந்து நிற்கும். கண் சிமிட்டினால் போய்விடும். தொடரில் அதற்கு வசனமும் கிடையாது, பெயரும் கிடையாது. ஆனால் அதற்குப் பொம்மை வந்தது. பொம்மையின் அட்டையில் பெயரும் வந்தது. துன்னு. ஆங்கில எழுத்தில் அச்சடித்திருந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை 'டன்னு' என்று படிக்கிறார்கள். அந்த டன்னு எங்கிருந்து வந்தான் என்று இணையத்தில் அவர்களுக்குள் வருஷக்கணக்காக அடிதடி.

எங்கிருந்து வந்தான் என்று எனக்குத் தெரியும். அவள் வாயிலிருந்து வந்தான். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

பெயர் வைப்பதுதான் அவள் குணம். அதை விளையாட்டு என்று சொன்னால் அவளை அறியாதவர்கள் என்று அர்த்தம். அவளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், அழமாட்டாள். ஒரு பெயர் வைப்பாள். வைத்த அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் அது ஊர் முழுக்கப் பரவிவிடும். தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா, எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்று தெலுங்கில் 'சூஸ்தாம்' என்பான். அவனுக்கு அவள் வைத்த பெயர் சூஸ்தாம். கடைசியில் அவன் பெண்டாட்டியே கடையில் 'சூஸ்தாம் வீட்டுக்கு' என்று சொல்லிச் சாமான் வாங்குகிற அளவுக்குப் போயிற்று. எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ், மேடு பள்ளம் பார்த்து நிறைமாசக்காரி போல நடக்கும். அது சீமந்தம். எண்ணெய் விட்டு, துடைத்து, தட்டிக்கொடுத்தால்தான் ஓடும் மோல்டு மிஷினுக்கு மாப்பிள்ளை என்று பெயர். "மாப்பிள்ள இன்னிக்கு முறுக்கிக்கினு கீறாரு" என்று அவள் சொன்னால் அன்றைக்கு எங்களுக்கு டார்கெட் முடியாது என்று பொருள்.

எனக்கு அவள் வைத்த பெயர் பரீச்சை. ஊத்துக்கோட்டைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் கோட்டை விட்டுவிட்டு, திரும்ப எழுதுவதற்காக பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே போவேன். அது அவளுக்குப் போதும். இன்றைக்கு நான் திருவள்ளூரில் தமிழாசிரியை. என்னைப் பார்த்தால் பிள்ளைகள் எழுந்து நிற்கும். அவளுக்கு நான் பரீச்சைதான்.

ஆனால் யாருடைய உடம்பையும் பார்த்துப் பெயர் வைக்கமாட்டாள். எங்கள் லைனில் கால் சற்றே இழுத்து நடக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அவளை ஏதோ சொல்லிக் கூப்பிட, இவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. "செய்யறதுக்குத்தான்டி பேரு. பொறந்ததுக்கு இல்ல" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பின்னால் ஒருநாள் அவளே சொன்னாள். கார்வேட்டிநகரம் பக்கம் அவள் பிறந்த ஊர். ஊருக்கு வெளியே காலனி. அவள் அப்பாவுக்கு நிலம் கிடையாது, ஊரார் நிலத்தில்தான் வேலை. "எங்க நைனாவுக்குப் பேரு இருந்திச்சி. நல்ல பேரு. ஊருக்குள்ள ஒருத்தன் அத வாயால சொன்னதில்ல. சின்ன பையனா இருந்தாலும் 'டேய்'ங்கற மாதிரி 'ஒரேய்'னுதான் கூப்பிடுவான். நைனா சாவறவரைக்கும் ஒரேய்தான். அப்பவே முடிவு பண்ணிக்கினேன், நானும் வெக்கறேன்டா உங்களுக்கெல்லாம் பேருன்னு." இதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை கொஞ்சமும் இல்லை. கையில் இருந்த பொம்மைக்கு நாக்குச் சிவப்பு தீற்றிக்கொண்டே சொன்னாள். தீற்றல் கோடு தாண்டவில்லை.

கம்பெனி சத்தியவேட்டுக்கும் சூளூர்பேட்டைக்கும் நடுவில் இருந்தது. கடலை விளைந்த நிலத்தில் தகர ஷெட். வெளிநாட்டு ஆர்டர், வெளிநாட்டுப் பெட்டி, வெளிநாட்டுப் பசையின் நாற்றம். நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்களுக்குத் திறந்தது ஷெட்டின் இரும்புக் கதவு. எல்லைக் கிராமத்துத் தமிழ்ப் பெண்கள் நாங்கள் லைனில். மேலே இருந்தவர்கள் எல்லாம் தெலுங்குக்காரர்கள். அதில் தப்பொன்றும் இல்லை. எங்களுக்கும் பாதிப் பேச்சு தெலுங்குதான். தப்பு மேனேஜரிடம் இருந்தது.

அந்த மனுஷன் எங்கோ வடக்கு ஜில்லாவிலிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு எஃகு ஸ்கேல். தமிழில் அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. துன்னு.

இந்த வார்த்தையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் துன்னு என்றால் சாப்பிடு, அவ்வளவுதான். சென்னையில் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஏதோ மாட்டுக்குச் சொல்வது போல என்பார்கள். எங்கள் ஊரில் அம்மா பிள்ளைக்குச் சொல்வது அது. வெயிலில் வந்தவர்களை முதலில் கேட்பது 'துன்னியா?' என்றுதான். பதிலுக்குக் காத்திராமல் தட்டு எடுக்கப் போவார்கள். தெலுங்கிலும் ஏறக்குறைய அதே சத்தத்தில் ஒரு வார்த்தை உண்டு என்பதால் மேனேஜருக்கு இது சட்டென்று பிடித்துக்கொண்டது. நாங்கள் ஒருவரையொருவர் கேட்பதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு தானும் சொல்ல ஆரம்பித்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் ஸ்கேலால் மேஜை மேஜையாகத் தட்டிக்கொண்டே போவார். "துன்னு! துன்னு! த்வரகா துன்னு!" சீக்கிரம் தின்று தொலைத்துவிட்டு எழுந்திரு என்று அர்த்தம். பாதி வாய்ச் சோறு தொண்டையில் நிற்கும்.

"நம்ம வார்த்தடி அது" என்று அவள் ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அந்தாளு வாயில போயி நாயக் கூப்புடற மாதிரி ஆயிப்போச்சி பாரு."

அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தது. அந்த வேலை இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு இல்லை. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

நடந்தது இது. அன்றைக்குக் காலையிலிருந்தே மாப்பிள்ளை மிஷின் முறுக்கிக்கொண்டது. பாகங்கள் வந்து சேரவில்லை. அது எங்கள் குற்றமா? டார்கெட் முடியாமல் எங்கள் லைன் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கக்கூடாது என்றுவிட்டார் மேனேஜர். மற்ற லைன்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டன. எங்களுக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது. அவள் ஸ்டூலுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். மேஜை மேலேயே வைத்துத் திறந்தாள். சோறும் முருங்கைக்கீரையும். வேலை மேஜையில் சாப்பாடு கூடாது என்பது சட்டம். எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

மேனேஜர் வந்தார். ஸ்கேலின் நுனியை டப்பாவின் பக்கவாட்டில் வைத்து மெதுவாகத் தள்ளினார். டப்பா மேஜை ஓரத்துக்குப் போய், கீழே விழுந்தது. சோறு தரையில் சிதறியது. அதே ஸ்கேலால் தரையைக் காட்டினார்.

"துன்னு" என்றார்.

பிறகு அடுத்த லைனுக்குப் போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் கீழே உட்கார்ந்து சோற்றை வழித்து டப்பாவில் போட்டாள். முந்தானையால் தரையைத் துடைத்தாள். என் டப்பாவை அவளிடம் நீட்டினேன். "வாணாம். பசியோட இருந்தாத்தான் மறக்காது" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.

எங்கள் லைனில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது அந்த வாய்ப் பொம்மை. தொடர் எங்களுக்குத் தெரியாது, கதை தெரியாது. பொம்மைக்கு நம்பர்தான் உண்டு. வயிற்றை அமுக்கினால் வாய் திறக்க வேண்டும், விட்டால் மூட வேண்டும். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங். அதைப் பொருத்துவதும் நாக்குக்கு வர்ணம் தீட்டுவதும் எங்கள் வேலை. அவள் ஒன்றை எடுத்து ஸ்பிரிங்கைப் பொருத்தினாள். வயிற்றை அமுக்கினாள். காதுக்குக் காது வாய் திறந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"துன்னு" என்றாள். அச்சு அசல் மேனேஜரின் குரல். இன்னொரு முறை அமுக்கினாள். "த்வரகா துன்னு." என் பக்கம் தள்ளினாள். "இந்தா பரீச்சை, துன்னு வர்றான் பாரு. நாக்குல நல்லா சூடு வெய்யி."

முதலில் யார் சிரித்தார்கள் என்று நினைவில்லை. சிரிப்பு லைன் முழுக்க ஓடியது. வயிறு காலியாக இருக்கும்போது சிரித்தால் வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தோம். அன்றையிலிருந்து நம்பர் போய்விட்டது. ஸ்டோரில் துன்னு, பேக்கிங்கில் துன்னு. ரிஜெக்ட் ஆன பொம்மைக்கு 'வாய் மூடாத துன்னு' என்று பெயர். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண், பெட்டிகள் மாறிப்போகாமல் இருக்க, பெரிய பேனாவால் ஆங்கிலத்தில் அந்தப் பெயரையே எழுதி வைத்தாள். டி, யூ, என், என், யூ. அவளுக்குத் தெரிந்த ஸ்பெல்லிங் அதுதான். அந்த ஸ்பெல்லிங்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க இருக்கிறது.

ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து சரக்கு பார்க்க ஒரு அம்மாள் வந்தாள். பெட்டி மேல் எழுதியிருந்ததைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். பொம்மையின் பெயர், நான்தான் வைத்தேன் என்றார் மேனேஜர். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னாரா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தன் வார்த்தை லைன் பெண்களுக்குப் பிடித்துப்போய் அவர்களும் சொல்கிறார்கள் என்று அந்த மனுஷன் உண்மையாகவே நம்பினார். அந்தச் சிரிப்பெல்லாம் தன் மேல் உள்ள பிரியம் என்று நினைத்தார். தரையில் கிடந்த சோறு அவருக்கு நினைவிலேயே இல்லை.

சில மாதங்கள் கழித்து அச்சடித்த அட்டைகள் வந்தன. பளபளவென்று, நட்சத்திரம் எல்லாம் போட்டு, நடுவில் பெயர். மேனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஆளுக்கு ஒரு மைசூர்பாகு. "நேனே பெட்டானு ஈ பேரு" என்றார். இந்தப் பெயரை நானேதான் வைத்தேன். கைதட்டச் சொன்னார். தட்டினோம்.

அவள் தட்டவில்லை. மைசூர்பாகைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். பிறகு, சாதாரணமாக, மணி என்ன என்று கேட்பது போல, தெலுங்கில் சொன்னாள்: "பேரு மீதி காது சார். நோரு மீதி."

பேர் உங்களுடையது இல்லை சார், வாய்தான் உங்களுடையது. தெலுங்கு தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. யாரோ பின்னால் களுக் என்றார்கள். மேனேஜர் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார், அதில் அச்சாகியிருந்த வாயைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. மறுநாள் சீமந்தம் பஸ் அவள் ஊரில் நிற்கவில்லை. நிற்கக்கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு.

நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் வீட்டில் அடுப்பு இருந்தது.

அதற்குப் பிறகு அவள் குவைத்துக்குப் போனாள், வீட்டு வேலைக்கு. குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனாள். எப்போதாவது போன் செய்வாள். அங்கே எஜமானி ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாளாம். "இங்க ஒரு சாவியம்மா கீறாடி" என்று ஆரம்பிப்பாள். வேலை கஷ்டமா என்று கேட்டால் பதில் வராது. பெயர்கள்தான் வரும். அந்தப் பெயர்களை வைத்து அவள் என்ன பட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். சாவியம்மாவுக்குப் பிறகு 'ஈரக்கம்பளி' என்று ஒருத்தன் பெயர் வந்தது. அது அந்த வீட்டின் மூத்த மகன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேறு வீடு மாறிவிட்டேன் என்று மட்டும் பிறகு சொன்னாள்.

மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு இப்போது திருப்பதியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல். அங்கே வார்டனுக்குப் பெயர் கரண்ட் கட். மற்றபடி அவள் மாறவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று நானும் இருந்திருப்பேன். என் மருமகன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார். தங்கமான பிள்ளை. அந்தத் தொடரின் மேல் பைத்தியம். போன வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வரவழைத்து, கோயில் பிரசாதம் போலப் பிரித்தார். உள்ளே பளபளவென்று அட்டை. நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அட, துன்னு!" என்றேன்.

மருமகன் அப்படியே நின்றுவிட்டார். "அத்தே, உங்களுக்கு எப்படித் தெரியும்? டன்னுன்னுதானே எல்லாரும் சொல்வாங்க!"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு வாய் பொம்மையின் வாய் அளவுக்குத் திறந்துகொண்டது. அப்புறம்தான் மடிக்கணினியைத் திறந்து அந்தச் சண்டையைக் காட்டினார். ரசிகர்களே சேர்ந்து நடத்தும் கலைக்களஞ்சியமாம். டன்னுவுக்கு ஒரு பக்கம். அதன் கீழே, படித்து முடிக்க ஒரு நாள் பிடிக்கும் அளவுக்கு வாக்குவாதம். படமாக்கப்படாத ஒரு வசனத்தில் அந்தப் பெயர் இருந்தது என்று ஒரு கட்சி. ஏதோ ஐரோப்பிய மொழியில் இறகுமெத்தைக்கு அப்படிப் பெயர், ஜந்து மெத்தென்று இருப்பதால் வைத்தார்கள் என்று இன்னொரு கட்சி. படித்து நான் சிரித்தேன். கடைசியில் இரண்டு கட்சியையும் வீழ்த்திய ஆதாரம் என்று ஒன்றைக் காட்டினார்.

ஒரு பேட்டி. மேனேஜருடைய பேட்டி. ஓய்வுபெற்று, மகனோடு வெளிநாட்டில் இருக்கிறாராம். பொம்மை சேகரிப்பவர்களின் பத்திரிகை ஒன்று அவரைத் தேடிப்பிடித்திருக்கிறது. மருமகன் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். 'தொழிலாளர்கள் எனக்குக் குழந்தைகள் மாதிரி. மதியம் நானே ஒவ்வொரு மேஜையாகப் போய், துன்னு, துன்னு என்று அவர்களுடைய மொழியிலேயே அன்போடு சாப்பிட அழைப்பேன். அந்த அன்பின் நினைவாகத்தான் அந்தப் பெயரைச் சூட்டினேன்.'

அன்போடு! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. சாகும் வயதில் ஒரு மனுஷன் இப்படிச் சொல்ல, அதை ஒருவன் அச்சடிக்க, நூறு பேர் தலையாட்ட! நான் வாயால் சொன்னதை மருமகன் அன்றைக்கே ஆங்கிலத்தில் எழுதி அந்தப் பக்கத்தில் போட்டார். டப்பா, ஸ்கேல், தரை, சோறு, எல்லாம் போட்டார். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு எழுத்தும் இல்லை. நீக்கிவிட்டார்கள். காரணம்: ஆதாரம் இல்லை.

மறுபடி எழுதினோம். மறுபடி நீக்கினார்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார்கள். மேனேஜர் சொன்னது அச்சில் வந்திருக்கிறது, நீங்கள் சொல்வது கேள்விப்பட்ட விஷயம்தானே என்றான் ஒருவன். நான் கேள்விப்படவில்லை ஐயா, காதால் கேட்டேன், கண்ணால் பார்த்தேன் என்று எழுதச் சொன்னேன். பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்றான். அவன் முன்னால் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பொய்யை அச்சடித்தால் ஆதாரம். உண்மையைத் தரையிலிருந்து வழித்து எடுத்தவளுக்கு ஆதாரம் இல்லை.

அந்தப் பக்கத்தை நிர்வகிக்கிற ஒருவர் கடைசியில் தலையிட்டார். மரியாதைக்காரர். நடுநிலையாக ஒரு வாசகம் எழுதுகிறேன் என்றார், எழுதியும் விட்டார். மருமகனுக்கு ஒரே சந்தோஷம். "அத்தே, 'என்றும் ஒரு கருத்து உண்டு' வரைக்கும் வந்துட்டோம்! இன்னும் அந்த அம்மா ஒரு வீடியோவுல முகத்தைக் காட்டிப் பேசிட்டாங்கன்னா முழுசா நம்ம பக்கம்தான்."

எனக்கும் ஆசை வந்தது. பொய் சொல்லுவானேன். பரீட்சைத்தாளில் மார்க் கூடுவது போல ஒரு ஆசை. அடுத்த விடுமுறைக்குத் திருப்பதி பஸ் ஏறினேன்.

விடுதிச் சமையலறையில் அவள் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாடி பரீச்சை. துன்னியா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மையை இன்னும் உலகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றபோது, "வேல இல்லாதவனுங்கோ" என்று சிரித்தாள். இறகுமெத்தைக்கு இன்னும் பலமாகச் சிரித்தாள். மேனேஜரின் பேட்டிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

"அன்போடவா?" என்றாள்.

"ஆமாக்கா. அப்படித்தான் சொல்லியிருக்காரு."

கரண்டி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வெந்த பூசணித்துண்டு ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். நான் அவசரமாகச் சொன்னேன், "விடமாட்டோம்க்கா. இப்ப அந்த வாசகத்த மாத்திட்டாங்க. நீங்க ஒரு வார்த்த பேசினீங்கன்னா முழுசா மாத்திடுவாங்க. நானே போன்ல எடுத்துக்கறேன்."

"மாத்தி இன்னா எழுதிக்கீறாங்கோ? படி."

போனை எடுத்து, பள்ளியில் பாடம் படிப்பது போலத் தமிழில் படித்துக் காட்டினேன். "டன்னு என்பது தென்னிந்தியாவில் 'தயவுசெய்து சாப்பிடுங்கள்' என்று பொருள்படும் சொல். இந்தப் பெயரைத் தொழிற்சாலைப் பெண்களே வைத்தார்கள் என்றும் ஒரு கருத்து உண்டு."

அவள் அடுப்பைத் தணித்தாள். கரண்டியைத் தட்டில் வைத்தாள். நான் போனில் வீடியோவைத் திறந்து கையைத் தூக்கினேன். அதைப் பிடுங்கி அரிசி மூட்டை மேல் கவிழ்த்துப் போட்டாள்.

"இன்னாது? தயவுசெஞ்சி சாப்பிடுங்களா? இத வெச்சிக்கினா திருப்பதி வரைக்கும் வந்த? நீ டீச்சராயிட்டடி, அதான் ஒனக்கு அந்தாளு சொன்ன துன்னுவும் இதுவும் ஒண்ணாத் தெரியுது. எம் மூஞ்சியும் வாணாம், எங் கருத்தும் வாணாம், மொத்தத்தையும் அழிக்கச் சொல்லு. மனுசிக்குச் சொல்ற மாதிரி 'சாப்புடும்மா'ன்னு அந்தாளு ஒருநாளு, ஒரே ஒருநாளு சொல்லியிருந்தா, அந்தப் பொம்மைக்கு நான் எதுக்குடி பேரு வெக்கப்போறேன்?"